தேய்ந்த எண்

உளுந்து இன்னும் பொங்கி வரவில்லை. தையல்நாயகி கிரைண்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மாவை விரல்களால் வழித்து நடுவில் தள்ளினாள். குழவி அதை வாங்கிக்கொண்டு சுற்றியது. கூடத்தில் கணவர் கலியமூர்த்தி செய்தித்தாளை மடிக்கும் ஓசை இங்கே கேட்கவில்லை. அங்கேயிருந்து இங்கே கேட்காதென்றால் இங்கேயிருந்தும் அங்கே கேட்காது. அந்தக் கணக்கில்தான் அவள் இன்று உளுந்தைத் தாமதமாக நனைத்து, தாமதமாகக் கழுவி, இந்த நேரத்தில் கல்லில் போட்டிருந்தாள். பதினொரு மணிவாக்கில் கூப்பிடுகிறேன் என்று சென்னையிலிருந்து புருஷோத்தமன் சொல்லியிருந்தார். ஐம்பது வருஷக் குடித்தனத்தில் கணவருக்குக் கேட்கக் கூடாத பேச்சென்று ஒன்று அவளுக்கு வாய்த்ததில்லை. இந்த வயதில் வாய்த்திருக்கிறது, அதுவும் முன்பின் அறியாத ஓர் ஆண்பிள்ளையோடு, என்று நினைத்தாள். சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை. கைப்பேசியை அரிசி டின்னின் மூடிமேல், தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து வைத்திருந்தாள். அது கறுப்பாக, ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது. எல்லாம் அந்த நட்சத்திரத்தால் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நட்சத்திரம். ஐந்து முனைகளிலும் மாதுளம்பழச் சிவப்பில் எனாமல். நடுவில் நீண்ட அங்கியும் துப்பாக்கியுமாக ஒரு சிப்பாய். கடற்படையில் இருந்த கலியமூர்த்தியை, கல்யாணத்துக்கு முன், புதுக் கப்பலின் இயந்திரங்களைப் பழகிக்கொண்டு வரச்சொல்லி ரஷ்யாவின் கீழ்க்கோடித் துறைமுகமான விளாதிவஸ்தோக்குக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்குப் பாடம் சொன்ன வாத்தியார் மிகயீல், யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர், ஊர் திரும்பும் நாளில், கொட்டுகிற பனியில், கப்பல் துறையில் எல்லோர் முன்னாலும் தம் நெஞ்சிலிருந்து இந்த நட்சத்திரத்தைப் பறித்து, என்னிடம் படித்தவர்களில் நீதான் கெட்டிக்காரன், இது உனக்கு, என்று இவர் கையில் வைத்து மூடினார். பறித்து என்னும்போது கலியமூர்த்தி தம் சட்டையின் இடப்பக்கத்தை மூன்று விரல்களால் பற்றி வெடுக்கென்று இழுப்பார். இந்தக் கதையை அவள் எத்தனை விருந்தில், எத்தனை ரயில் பெட்டியில் கேட்டிருப்பாள். முதல் முறை கேட்டது கதவுக்குப் பின்னால் நின்று. பெண் பார்க்க வந்த அன்று, கப்பல்காரனுக்குப் பெண்ணைக் கொடுப்பதில்லை என்று தரகரிடம் முன்பே சொல்லியிருந்த அவளுடைய அப்பா, தலைமையாசிரியர் வைத்தியலிங்கம், மரியாதைக்காக நாலு கேள்வி கேட்டார். நாலாவது கேள்விக்கு இந்தக் கதை பதிலாக வந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் மனம் இறங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யுத்தம் பார்த்த மனிதன் தன் பதக்கத்தைக் கழற்றிக் கொடுத்தான் என்றால் இவனிடம் ஏதோ இருக்கிறது, என்று அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னார். அவளுடைய கல்யாணம், பிள்ளைகள், விசாகப்பட்டினம், கொச்சி, பிறகு இந்தத் திருப்பாதிரிப்புலியூர் வீடு, இந்தச் சமையலறை, இந்தக் கிரைண்டர்வரை அத்தனையும் அந்தக் கண்ணாடியைத் துடைத்த துண்டிலிருந்து வந்தவை.

ஒரு கை தண்ணீர் தெளித்தாள். மாவின் நிறம் இளகி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழாக எழுந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்றுதானே தொடங்கினாள். தை மாதம் அவருக்கு எண்பது முடிகிறது. சதாபிஷேகம் செய்வதாகப் பிள்ளைகள் ஏற்பாடு பண்ணுகிறார்கள். அந்தச் சபையில் அந்த மிகயீல் என்ன சாகசம் செய்து இதை வாங்கினார் என்று எழுந்து நின்று சொல்லி அவரைத் திகைக்க வைக்கவேண்டுமென்று ஆசைப்பட்டாள். புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயம், தபால்தலை சேர்ப்பவர்கள் கண்காட்சி வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டு, நாத்தனாரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நட்சத்திரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். அங்கேதான் புருஷோத்தமன் இருந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மேஜைமேல் சிவப்புத் துணி விரித்து அதே மாதிரிப் பதக்கங்களை வரிசையாக அடுக்கியிருந்தார். அவள் முடிச்சை அவிழ்த்ததும் அந்த மனிதர் முகம் எப்படி மலர்ந்தது, திருப்பிப் பார்த்ததும் எப்படிச் சுருங்கியது. “யாரும்மா இதைத் தேய்ச்சது?” என்றார். “நான்தான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்ச்சு, பொட்டு வெச்சு, சாமிக்கு முன்னாடி வைப்போம்,” என்று அவள் பெருமையாகவே சொன்னாள். கலியமூர்த்தியின் ஸ்பேனர், அவளுடைய தையல் மெஷின், அரிவாள்மணை, குத்துவிளக்கு, எல்லாவற்றோடும் அதுவும் ஒன்று. சிப்பாயின் முகத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும், பிற்பாடு கடையில் விற்கிற பாத்திரப் பொடியும். அழுக்கேறிய ஓரங்களில் அழுத்தித் தேய்ப்பாள். பின்பக்கத்தில் கையால் பொறித்த எண் இருந்தது. கறுப்புக் கோடு கோடாக இருந்ததை அழுக்கு என்றே எண்ணியிருந்தாள். “அந்த எண்தாம்மா எல்லாம்,” என்றார் புருஷோத்தமன். நம் நாட்டுப் பதக்கங்களின் விளிம்பில் வாங்கியவர் பெயரைப் பொறிப்பார்கள்; அவர்கள் பெயர் போடுவதில்லை, எண் மட்டும்தான். ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் அங்கே ஆவணக் காப்பகத்தில் ஓர் அட்டை இருக்கும். பெயர், தகப்பன் பெயர், பிறந்த வருஷம், எந்த ஊரில் எந்த நாளில் என்ன செய்ததற்காக என்று மேலதிகாரி எழுதிய ஒரு பத்தி, எல்லாம் கிடைக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எல்லா இலக்கங்களையும் படித்துவிட்டார், ஒன்றைத் தவிர. அது மூன்றாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். இடப்பக்கத்து வளைவுகள் இருந்தனவா என்று இனிமேல் தெரியாது. அவள் தேய்த்துவிட்டாள். அப்போதுகூட அவளுக்கு வருத்தம் மட்டும்தான், பயமில்லை. பயம் அதற்கடுத்த நிமிஷத்தில் வந்தது. கதையைக் கேட்டு ரசித்துத் தலையாட்டிக்கொண்டே வந்த அந்த மனிதர், பறித்து என்று அவள் தன் தோள்பட்டையருகே விரலை வைத்துக் காட்டியபோது தலையாட்டுவதை நிறுத்தினார். “இது ஊக்கு இல்லம்மா. பாருங்க, பின்னாடி திருகு. சட்டையில ஓட்டை போட்டு இதை உள்ளே விட்டு, உள்பக்கத்திலே இந்த வட்ட நட்டை வெச்சுத் திருகணும். பறிச்சா துணிதான் கிழியும். கழட்டணும்னா கோட்டையே கழட்டணும். பனியிலே மேலே கம்பளிக் கோட்டு வேற போட்டிருப்பாங்களே, அதுமேல இதைக் குத்த மாட்டாங்க.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வயசான காலத்துல நினைவு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்மா,” என்றார். பெண் பார்க்க வந்த இருபத்தெட்டு வயதிலும் கலியமூர்த்தி அப்படித்தான் சொன்னார், அப்போது அவருக்கு என்ன வயசான காலம். கதவுக்குப் பின்னால் நின்ற அவள் அந்த மூன்று விரல்களைப் பார்த்தாளே.

“என்னா ஹெட்மாஸ்டர் பொண்ணே, காபிக்கு வழி உண்டா, இல்ல மாவைக் கரைச்சுக் குடிச்சுக்கவா?” கலியமூர்த்தி வாசற்படியில் நின்றார். அவர் வந்ததே கேட்கவில்லை. பனியனும் வேட்டியும், மடித்த செய்தித்தாளும். இந்தச் சத்தத்தில் குரலை உயர்த்திப் பேச அவருக்குப் பிடிக்கும். கப்பலின் இயந்திர அறை ஞாபகம் வருகிறதாம்.

“இப்பத்தானே குடிச்சீங்க.”

“அது ஒம்போது மணிக் காபி. என்னா இன்னிக்கு நேரங்கெட்ட நேரத்துல மாவாட்டுற? கரண்டு போவப் போவுதுன்னு சொன்னானா?”

“நாளைக்கு ஆயுத பூஜை வேலை கிடக்குது. இன்னிக்கே ஆட்டி வெச்சா ஒரு வேலை முடியும்.”

“புளி ஊற வெச்சாச்சா? நட்சத்திரத்தை எடுத்துத் தரவா?”

“வேணாம்,” என்றாள். கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. கிரைண்டர் அதை மூடிக்கொண்டது. “நானே எடுத்துக்கறேன். போய் உட்காருங்க, கலந்து எடுத்தாரேன்.”

“கைய உள்ள விடாத. விரலுங்கிரலு போச்சுன்னா அப்புறம் எண்பதாவதுக்கு என் கையப் புடிக்க ஆளு வேற தேடணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள். சொல்லிவிட்டுப் போகிறவருக்கு என்ன தெரியும். நேற்று மாலை புருஷோத்தமன் கூப்பிட்டு, மூன்று வைத்தும் எட்டு வைத்தும் எழுதிக் கேட்ட இரண்டு எண்ணுக்கும் விவரம் வந்துவிட்டது, மொழிபெயர்க்க ஆளிடம் கொடுத்திருக்கிறேன், காலையில் சொல்கிறேன் என்றவர், வைக்கும்போது வாய்தவறியோ வேண்டுமென்றோ, “ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு பொம்பளைம்மா,” என்றார். பொம்பளை. அவள் ராத்திரி முழுக்க அந்தச் சொல்லோடு கிடந்தாள். கழற்ற வேண்டுமென்றால் கோட்டையே கழற்ற வேண்டும். ஒரு பெண் ஓர் அந்நியப் பையன் முன்னால் எந்த இடத்தில் கோட்டைக் கழற்றுவாள், எந்த அறையில், என்ன வெளிச்சத்தில். மாவு நன்றாக ஏறிவிட்டது, குழவியின் கழுத்துவரை வெள்ளை வெளேரென்று வந்துவிட்டது. கையை நனைத்துக்கொண்டு தள்ளினாள். கணக்குப் போட்டும் பார்த்தாள். யுத்தத்தில் இருந்தவளென்றால் அப்போது பதினெட்டாவது ஆகியிருக்கவேண்டும். இவர் போனது அதற்குப் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து. அப்படியானால் அவளுக்கு நாற்பத்துமூன்றுக்குக் குறையாது, இவருக்கு இருபத்துமூன்று. ஆறுதலாக இருந்தது. அடுத்தகணம், நாற்பத்துமூன்று என்ன ஒரு வயதா, நான் நாற்பத்துமூன்றில் எப்படி இருந்தேன், கொச்சியில் அந்த மஞ்சள் வாயில் சேலையில் பார்த்துவிட்டுக் கமாண்டர் மனைவி உனக்கு முப்பதுதானா என்று கேட்கவில்லையா என்று நினைவு வந்தது; ஆறுதல் கரைந்தது. ஆறுதல் தேடியதே அவளுக்கு அவமானமாகப் பட்டது. எந்தப் பெண்ணோடு என்ன என்றால், எல்லாம் கல்யாணத்துக்கு முன். அதற்காக இப்போது மல்லுக்கு நிற்க அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. சங்கதி அதுவல்ல. அப்பா கண்ணாடியைத் துடைத்தாரே. அப்பா எந்தப் பிள்ளையின் விடைத்தாளிலும் ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டதில்லை, ஒன்று குறைத்ததில்லை. அவர் ஒரே ஒருமுறை கேட்டதை அப்படியே நம்பி மதிப்பெண் போட்டார், அந்த மதிப்பெண்தான் அவள். இல்லாத ஒரு மிகயீலுக்காக அப்பா தம் மகளைக் கொடுத்தார் என்றால், அந்த வீட்டுக் கூடத்தில் அன்று நடந்ததற்கு என்ன பெயர். கலியமூர்த்திக்கு நம் நாட்டுப் பதக்கங்களும் மூன்று உண்டு, விளிம்பில் அவர் பெயர் தெளிவாக இருக்கிறது, அவள் எவ்வளவு தேய்த்தும் போகாத ஆழத்தில். அவர் என்ன செய்தார் என்று ஒரு காகிதத்திலும் ஒரு வரியில்லை. கேட்டால், “கப்பல் முழுகாம பாத்துக்கிட்டேன்,” என்பார். அந்த நாட்டில் பெயரே இல்லாத ஒரு துண்டு வெள்ளி, அதற்கு ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஏற்பாடு நல்லது என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. பெயர் தெரிந்து கதை தெரியாமலிருப்பதா, கதை தெரிந்து பெயரைத் தேட வேண்டியிருப்பதா. இவர் விஷயத்தில் அவளுக்குப் பெயரும் தெரியும், கதையும் தெரியும் என்றல்லவா இத்தனை காலம் இருந்தாள். குழவியின் அடியில் ஏதோ நெரிபட்டது. உளுந்தில் ஒரு கல். நன்றாகத்தானே களைந்தாள். நெரிந்து நெரிந்து அதுவும் மாவாகிவிடும், யார் பல்லிலாவது ஒருநாள் நறுக்கென்னும். அரிசி டின்னின் மூடி அதிர்ந்தது. கைப்பேசி தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது.

வலக்கை முழுக்க மாவு. இடக்கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். “சொல்லுங்க,” என்றாள். “அங்கே என்னம்மா மில் ஓடுது?” என்றார் புருஷோத்தமன். “ஓடட்டும். நீங்க சொல்லுங்க.” “ஆம்பளையை முதல்ல சொல்றேன். மூணுன்னு வெச்சுக்கிட்டா அவர்தான். ஃபியோதர், தகப்பனார் பேர் இக்னாத். பீரங்கிப் படையில லாரி ஓட்டினவர். குண்டுப் பெட்டி ஏத்திக்கிட்டுப் போறப்ப விமானம் வந்து சுட்டிருக்கு, முன்கண்ணாடி போச்சு, ரெண்டு டயர் போச்சு, கையில காயம். வண்டியை நிறுத்தாம வெறும் சக்கரத்துலயே கொண்டுபோய்ச் சேர்த்தார்னு எழுதியிருக்கு. அதுக்குக் கொடுத்தாங்க. ஆனா அடுத்த வருஷமே ஒரு ஆத்தைக் கடக்கறப்ப போயிட்டார்மா. அட்டை அதோட முடியுது.” அப்படியென்றால், பெயரை மாற்றிச் சொல்லியிருந்தால்கூட, அந்த வாத்தியார் இந்த ஃபியோதராக இருக்க முடியாது. யாருக்கும் பாடம் சொல்ல அவர் மிஞ்சவில்லை. தையல்நாயகிக்கு ஒரு கணம் அந்த லாரியின் சக்கரம் தரையில் உராய்கிற ஓசை கேட்டது, கிரைண்டர்தான். “அடுத்தது?” என்றாள். “எட்டுன்னா, அவங்க பேர் ஆன்னா. தகப்பனார் பேர் ஸ்தெபான். போர்க்களத்துல முதலுதவி செய்யற பொண்ணு, அப்ப இருபது வயசு. காயம்பட்டவங்களைத் தூக்கிக்கிட்டு வரணும், அதுமட்டும் போதாது, அவங்கவங்க துப்பாக்கியையும் சேர்த்து எடுத்துக்கிட்டு வரணும், அப்பத்தான் கணக்குல சேரும். இந்தப் பொண்ணு ஒரே சண்டையில இருபத்தேழு பேரைத் துப்பாக்கியோட இழுத்துக்கிட்டு வந்திருக்கு, ராத்திரியில, பனியில தவழ்ந்து.” பனி. அங்கே இருக்கிறது பனி. “யுத்தத்துக்கப்புறம் என்ன செஞ்சாங்கன்னும் ஒரு வரி இருக்கும்மா. படை மருத்துவமனையில செவிலி. ஊரு விளாதிவஸ்தோக்.” அதற்குமேல் அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. எட்டுதான் போலிருக்கும்மா, ஐயாவைக் கேட்டால் ஒரு வேளை, என்று ஏதோ சொன்னார். நல்லதுங்க, ரொம்பக் கஷ்டப்பட்டீங்க, என்று அவள் முறையாகச் சொல்லி வைத்துவிட்டாள். செவிலி. மருத்துவமனை. ஊர் பொருந்திவிட்டது. ஒரு பெண் ஒருவனுக்கு முன்னால் கோட்டைக் கழற்றுகிற அறைகளில் அப்படியும் ஓர் அறை உண்டு என்று அவளுக்கு ராத்திரி தோன்றவில்லை. ஆனால் இவர் அங்கே மருத்துவமனையில் கிடந்ததாக ஒரு நாளும் சொன்னதில்லையே. மாவு வழிந்து குழவியின் இரும்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதம் தாண்டிவிட்டது. அவள் உளுந்தை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள், அரிசியைக் கல்லில் கொட்டினாள், தண்ணீர் விட்டாள், கரகரவென்று புதிய ஓசை எழுந்தது. கையைக் கழுவினாள். காபியும் கலந்தாள். கேட்காமல் இருந்துவிடலாம். தை மாதம் அவர் மூன்று விரலால் பறிப்பார், சபை கைதட்டும், அவளும் கைதட்டலாம். கேட்டுவிட்டால் அந்த விரல்களை இனி எப்படிப் பார்ப்பது. கேட்காவிட்டால் மட்டும் எப்படிப் பார்ப்பது. டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அவர் காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவள் போகாமல் நின்றாள்.

“என்ன, சர்க்கரை போட்டாப்பல இருக்குதே. என்னா விசேஷம்?”

“ஒண்ணு கேக்கறேன். அந்த நட்சத்திரத்துக்குப் பின்னாடி நட்டு இருக்குதே. அதை யாரு திருகினது?”

அவர் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. குடிக்கவுமில்லை. அவருடைய வலக்கை விரல்கள் மூன்றும் தாமாகச் சட்டையைத் தேடின, பனியன்தான் இருந்தது.

“மிகயீல்னு ஒருத்தர் இருந்தாரா?” என்றாள்.

“இருந்தாரு. வாத்தியார்தான். நான் ரெண்டாந்தரம் பாஸ் பண்ணேன், அவ்வளவுதான்.”

“அப்ப ஆன்னான்னு ஒருத்தங்க?”

“ஸ்தெபானவ்னா,” என்றார் அவர். யாரோ பாதியில் விட்டதை முடித்து வைப்பதுபோல, உடனே, மெதுவாகச் சொன்னார். “அப்பா பேரையும் சேர்த்துத்தான் கூப்புடணும். இல்லாட்டி முறைப்பாங்க.” டம்ளரைக் கீழே வைத்தார். “உனக்கு எப்படி?”

அவள் சொன்னாள். புதுச்சேரியை, கைக்குட்டையை, மூன்றை, எட்டை, எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் அரிசி தனியாக அரைபட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு அங்க அம்மை போட்டுச்சு தையல்,” என்றார். “மேலெல்லாம் முத்து முத்தா. தனி அறையில போட்டுட்டாங்க. நம்ம பசங்க ஒருத்தனையும் விடல. நான் வேப்பிலை வேணும் வேப்பிலை வேணும்னு அழுவறேன். இருபத்துமூணு வயசுக் காளை, அழுவறேன். அவங்களுக்கு என்ன புரியும். கையக் காட்டி, இல்ல, கொத்து, இப்படி மேலே தடவணும்னு காட்டினேன். மறுநாள் அந்த ஊரு மரத்துத் தழை, ஊசி ஊசியா இருக்குமே, அதுல ஒரு கொத்து ஒடிச்சுக்கிட்டு வந்தாங்க. கொதிக்கிற தண்ணியில காட்டி, ஆற வெச்சு, அதால மேலெல்லாம் தடவினாங்க. குத்திச்சு. ஆனா தூங்கினேன். தினமும் கொண்டாந்தாங்க.”

“நட்சத்திரம்?”

“நான் வெளியில வந்த அன்னிக்கு அவங்களுக்கு வெற்றித் திருநாள். எல்லாரும் மெடல் மாட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. வெள்ளை அங்கிக்குள்ள ஒரு பழைய கோட்டு, அதுல இது. போயிட்டு வரேன்னு கும்புட்டேன். அவங்க கோட்டைக் கழட்டி மடியில போட்டு நட்டைத் திருகினாங்க. இறுகிப்போயிருந்துச்சு. நான்தான் திருகிக் குடுத்தேன்.”

“ஏன் குடுத்தாங்க?”

“தெரியல. என்னமோ நிறைய சொன்னாங்க. எனக்கு அவங்க பேச்சு பாதி புரியாது.”

“எங்கப்பாகிட்ட ஏன் மாத்திச் சொன்னீங்க?”

“உங்கப்பா எப்படிக் கேட்டாரு தெரியுமில்ல? பரீட்சை வெக்கிறாப்பல. அங்க என்ன பேர் வாங்கினீங்கன்னாரு. நான் அம்மை போட்டு அழுதேன், ஒரு அம்மா தழை அடிச்சாங்கன்னு சொன்னா பொண்ணு குடுப்பாரா? கதவுக்குப் பின்னாடி பச்சைச் சேலை முந்தானை வேற தெரியுது. வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டேன். அப்புறம் அதை எறக்கி வெக்க எடமே கெடைக்கல.”

தையல்நாயகிக்குக் கோபம் வந்தது. வரவேண்டியதுதானே என்று காத்திருந்து வந்த கோபம். ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், நனைந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். பச்சைச் சேலை என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் நீலம் என்று நினைத்திருந்தாள். “அவங்க இருபத்தேழு பேரைத் தூக்கிக்கிட்டு வந்தாங்களாம்,” என்றாள். “பனியில. துப்பாக்கியோட சேர்த்து.”

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கண்ணோரம் ஈரமாயிற்று, சிரித்தார். “அப்ப நான் இருபத்தெட்டு. துப்பாக்கி இல்லாம வந்தவன் நான் ஒருத்தன்தான். கணக்குல சேர்த்திருக்க மாட்டாங்க.” பிறகு, “தையல், எண்பதாவதுக்கு உன் தம்பி அம்பலவாணன் விடமாட்டான். மாமா, நட்சத்திரக் கதையைச் சொல்லுங்கம்பான். என்னா சொல்லட்டும்?”

“பனியை எடுத்துடுங்க,” என்றாள்.

“அவ்வளவுதானா?”

“மிகயீலையும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் நீங்க இப்ப சொன்னாப்பலயே சொல்லுங்க. அழுததையும் சொல்லுங்க. எங்கப்பா இருந்தா ஒரு மார்க்குக் குறைப்பாரு. குறைக்கட்டும்.”

சமையலறைக்குத் திரும்பியபோது அரிசி பாதி மசிந்திருந்தது. தள்ளிவிட்டாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்து, நட்சத்திரத்தைத் திருப்பினாள். ஈர விரலில் அந்த இலக்கம் தட்டுப்படவில்லை; வெளிச்சத்தில் சாய்த்தால் ஒரு வளைவு, இன்னும் சாய்த்தால் அதுவும் இல்லை. எட்டு என்று தெரிந்துவிட்டது. அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அந்த லாரிக்காரர் போகவில்லை. டயரில்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர், ஆற்றைத் தாண்டாதவர், அவருடைய நட்சத்திரம் எங்கேயோ, யார் பெட்டியிலோ, தேயாமலே இருக்கலாம். அவரை யார் கேட்டார்கள். அவள் அழுத்தித் தேய்த்ததால் மட்டுமே ஒரு வழி திறந்து, பெயரும் தகப்பன் பெயருமாக இந்தத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். ஃபியோதர், இக்னாத் மகன். வந்தவரைத் தவறான முகவரி என்று எப்படித் திருப்பி அனுப்புவது. ஊறப்போட்டிருந்த புளியைப் பார்த்தாள். குத்துவிளக்குக்கு அது போதும்; இதற்கு ஒரு ஈரத்துணி போதும். நாளைக்கு வழக்கம்போல முன்பக்கத்தில், சிப்பாயின் முகத்தில், ஒரு பொட்டு. பின்பக்கத்தில், அந்த இலக்கத்தின் மேல், இன்னொன்று. நட்டைத் திருகில் வைத்துச் சுற்றினாள். அது சுலபமாகச் சுற்றியது, அரைச் சுற்று, ஒரு சுற்று. பின் எங்கோ பிடித்துக்கொண்டு நின்றது. இறுக்காமல் அப்படியே விட்டாள்.